அழைத்தால்தான் உள்ளே வரும்: ரத்தக்காட்டேரி விஷுவல் நாவல் ஒன்றை உருவாக்கும் வழி

பின்னணியில் ஓர் இடம், முன்னால் ஒரு பாத்திரம், கீழே பெட்டியில் வசனம், அவ்வப்போது ‘என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்றொரு கேள்வி. விஷுவல் நாவல் என்பது இவ்வளவுதான். ஜப்பானில் வளர்ந்த இந்த வடிவத்துக்கும் ரத்தக்காட்டேரிக்கும் பழைய உறவு உண்டு. டைப்-மூன் குழு 2000-இல் வெளியிட்ட ‘சுகிஹிமே’ வயது வந்தோருக்கான ரத்தக்காட்டேரி ஆட்டம். 2021-இல் வந்த மறுஆக்கத்தில் பாலுறவுக் காட்சிகளை எடுத்துவிட்டார்கள். அப்போதும் கதை நின்றது. நீங்கள் எழுதப்போவதும் அப்படி நிற்க வேண்டும்.

அதற்கான சாவி, பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) பயன்படுத்திய பழைய விதி ஒன்றில் இருக்கிறது: வீட்டில் உள்ளவர் அழைக்காமல் ரத்தக்காட்டேரி முதன்முறை உள்ளே நுழைய முடியாது. ஆட்டத்தில் அந்த அழைப்பை விடுப்பது விளையாடுபவரின் விரல். எனவே ஒவ்வொரு தேர்வையும் ஒரு வாசற்படியாக எண்ணி எழுதுங்கள்.

1. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

உங்கள் ரத்தக்காட்டேரிக்கு எது முடியும், எது முடியாது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் சக்தி குன்றி நடமாடும். வெயில் பட்டால் அழியும் என்பது 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ மௌனப்படத்தால் பரவியது. வெயில், அழைப்பு, பசி, கடிபட்டவருக்கு என்ன ஆகும் ஆகிய நான்குக்கும் விடை இருந்தால் போதும். இடையில் ஒரு விதியை மாற்றினால், விளையாடுபவர் அதற்கு முன் யோசித்து எடுத்த முடிவுகளெல்லாம் வீணாகிவிடும்.

2. வயதில் சமரசம் வேண்டாம்

எல்லாப் பாத்திரங்களும் வயது வந்தவர்களாக இருக்கட்டும். முதுகலை மாணவர்களாக, இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதினராக வைத்துக்கொண்டால் எந்தக் குழப்பமும் வராது. ‘பார்க்கச் சிறுமி, உண்மையில் முந்நூறு வயது’ என்ற சமாளிப்பை அடியோடு விலக்குங்கள். கடிபட்டபோதும் வயது வந்தவர், தோற்றத்திலும் வயது வந்தவர் என்பதே சரி.

3. ஊரையும் நாட்காட்டியையும் பிடியுங்கள்

பகலில் வெளியே வர முடியாதவர் எப்படி வகுப்புக்கு வருவார்? இதற்கு ஊரே விடை சொல்லட்டும். எடின்பரோவை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே மாலை 3:40 வாக்கில் சூரியன் மறைந்து, மறுநாள் 8:40 வாக்கில்தான் உதிக்கும். கிட்டத்தட்ட பதினேழு மணி நேர இரவு! நான்கு மணி வகுப்புக்கு உங்கள் நாயகியான ரத்தக்காட்டேரி தாராளமாக வரலாம். மே நடுவில் தேர்வு நேரத்தில் அந்த இரவு ஏழே முக்கால் மணி நேரமாகச் சுருங்கிவிடும். செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடித்தால், முதலில் அவளுக்குச் சாதகமாக நீளும் இரவு, உச்சக்கட்டம் நெருங்கும்போது அவளை நெருக்கத் தொடங்கும். கதைக்கு வேண்டிய இறுக்கத்தை நாட்காட்டியே தந்துவிடுகிறது.

4. கிளைகளைப் பிரித்து, மறுபடி சேருங்கள்

இரண்டிரண்டு வழியாகப் பிரியும் பத்துத் தேர்வுகளைச் சேர்க்காமல் விட்டால், 1,024 முடிவுகள் எழுத வேண்டியிருக்கும். ஒருவரால் ஆகாத காரியம். பிரிந்த கிளைகள் இரண்டு மூன்று காட்சிகளில் பொது வழிக்குத் திரும்பட்டும். நடந்ததை ஆட்டம் மறக்காமலிருக்க ‘நம்பிக்கை’, ‘பசி’ என்று இரண்டு எண்களை மட்டும் பின்னணியில் ஏற்றி இறக்குங்கள். நான்கு முடிவுகள் தாராளம். கிளைகளின் வரைபடத்தைத் தாளில் போட்டுவிட்டே கணினியைத் திறங்கள்.

5. ரென்பையை நிறுவுங்கள்

டாம் ராத்தமெல் 2004-இல் வெளியிட்ட ரென்பை, விஷுவல் நாவல் உருவாக்கும் இலவச மென்பொருள். பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்டது. ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ (2017) என்ற ஆட்டம் உருவானது இதில்தான். எட்டாம் வரிசையின் அண்மைப் பதிப்பை இறக்குங்கள், தமிழின் கொம்பும் காலும் சரியாக விழ அதுவே ஏற்றது. அதிலுள்ள இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ‘கேம்’ கோப்புறையில் போட்டு, தோற்ற அமைப்புக் கோப்பில் அதன் பெயரைக் கொடுங்கள்.

கற்க வேண்டிய கட்டளைகள் சில: காட்சிக்குப் பெயர் வைக்க லேபிள், பின்னணிக்கு சீன், பாத்திரத்தைக் காட்ட ஷோ, தேர்வுக்கு மெனு, வேறு காட்சிக்குத் தாவ ஜம்ப், எண்களைத் தொடங்கிவைக்க டிஃபால்ட். இவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். வசனம் முழுவதும் தமிழில் இருக்கலாம்.

6. முதலில் ஒரே ஒரு வாசல் காட்சி

இரவு 11:20. விடுதி அறை. கதவில் இரண்டு தட்டல். திறந்தால் நம் ரத்தக்காட்டேரி அய்லா, நனைந்த மேலங்கியோடு மிதியடியின் விளிம்பில் நிற்கிறாள். வகுப்பில் நீங்கள் மறந்த நோட்டை நீட்டுகிறாள். அவள் கை நிலைப்படியைத் தாண்டவில்லை. நீங்கள்தான் கையை வெளியே நீட்ட வேண்டும். இங்கே மெனு: ‘உள்ளே வா’, ‘அங்கேயே நின்று பேசு’, ‘நோட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்து’.

முதல் தேர்வில் நம்பிக்கையும் பசியும் ஒன்று ஏறும். இரண்டாவதில் நம்பிக்கை மட்டும் ஏறும். மூன்றாவதைத் தண்டனையாக்கிவிடாதீர்கள். மறுநாள் நூலகத்தில், நேற்றுக் கதவு சாத்தியதைப் பற்றி ஒரு சொல் கேட்காமல், அவள் எதிர் நாற்காலியில் அமரட்டும். மறுப்பை மதிப்பவள் என்று தெரிந்தபின் வரும் நெருக்கத்துக்குத்தான் எடை உண்டு. ‘வேண்டாம்’ என்ற வழியிலும் நல்ல காட்சிகளை எழுதுவது ஆசிரியரின் கடமை.

ரென்பையில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் கதை பின்னோக்கிப் போகும். அழைத்ததன் விளைவு நிலைக்க வேண்டுமானால், அந்த இடத்தில் மட்டும் பின்னோட்டத்தைத் தடுக்கலாம்.

7. நெருக்கமான காட்சிகள்

ஒவ்வொரு கட்டத்திலும் ‘நிறுத்து’ என்ற தேர்வு இருக்கட்டும். அதை அழுத்தினால் பாத்திரமும் முகம் கோணாமல் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் காட்டத் தேவையில்லை. கழுத்தருகே வந்த மூச்சு, அவள் கேட்கும் கேள்வி, விளையாடுபவரின் விடை, பிறகு திரை இருளட்டும். ஆட்டம் தொடங்குமுன்பே ரத்தம், பாலுறவு, வன்முறை என எது இருக்கிறதோ அதைச் சொல்லும் எச்சரிக்கைப் பக்கமும் வேண்டும். முதன்மை மெனுவுக்கு முன் ஓடும் ‘ஸ்பிளாஷ்ஸ்கிரீன்’ என்ற லேபிளில் அதை வைக்கலாம்.

படங்களுக்கு: ஒரு பாத்திரத்துக்கு ஒரே நிற்கும் நிலை, நான்கைந்து முகபாவங்கள், பின்னணி நீக்கிய பிஎன்ஜி கோப்புகள். ஆறேழு இடங்களின் படம் முழு ஆட்டத்துக்கும் போதும்.

8. சோதித்து வெளியிடுங்கள்

ரென்பையின் ‘லின்ட்’ சோதனை, காணாமல்போன படம், இல்லாத லேபிள் போன்ற பிழைகளைப் பட்டியலிடும். அதன்பின், கதை தெரியாத இருவரை விளையாட வைத்து, எந்த மெனுவில் தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஆட்டங்களை வெளியிடும் இட்ச் தளத்தில் பதிவேற்றக் கட்டணமில்லை. ஸ்டீம் கடையில் ஆட்டம் ஒன்றுக்கு 100 டாலர். இரண்டிலும் வயது வந்தோருக்கான உள்ளடக்கத்தை மறைக்காமல் அறிவிக்க வேண்டும். பணப் பரிமாற்ற நிறுவனங்களின் அழுத்தத்தால் 2025 ஜூலையில் இட்ச் இத்தகைய ஆட்டங்களைத் தேடலிலிருந்து நீக்கியது. எனவே ஒரே கடையை நம்பியிருக்காதீர்கள். இந்தியாவிலிருந்து வெளியிடுபவர்கள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவைப் படித்தாக வேண்டும். வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளை மின்வழியில் வெளியிட்டால், முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. திரையை இருளவிடும் உத்தி கலைக்கு நல்லது, உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது.

பெரிய கதையை ஒதுக்கிவைத்து, இந்த வாரம் வாசல் காட்சியை மட்டும் முடியுங்கள். அந்த மூன்று தேர்வுகளில் எதை எடுப்பது என்று ஒருவராவது உண்மையிலேயே தயங்கினால், மீதிக் கதையைத் துணிந்து எழுதலாம்.