டாப்பர் நோட்ஸ் இருக்கா?

பிப்ரவரி பிறந்துவிட்டால் பள்ளிக்கூடங்களை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும், அவர்களைவிடப் பதற்றமாக அவர்களைப் பெற்றவர்களும் வரிசை கட்டி நிற்பார்கள். போன வருடம் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, ஃபர்ஸ்ட் வந்த பொண்ணோட சயின்ஸ் நோட்ஸ் உங்ககிட்ட இருக்கா?" கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்த ஸ்கூல் ஃபர்ஸ்ட் வேணும்க்கா?"

நோட்ஸைச் சுற்றி நம் வீடுகளில் புழங்கும் நம்பிக்கைகளில் சில பாதி சரி. சில, பிள்ளைகளின் மாலைப்பொழுதைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுபவை. வரிசையாகப் பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: முதல் மாணவியின் நோட்ஸ் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

பாதிக் கிணறு தாண்டினால் எங்கே போய் விழுவோம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மாணவி செய்தது என்ன? பாடத்தைப் படித்தாள். எது தனக்குத் தெரியும், எது தெரியாது என்று பிரித்தாள். தெரிந்ததை விட்டுவிட்டுத் தடுமாறிய இடத்தை மட்டும் தன் சொல்லில் குறித்துக்கொண்டாள். அவள் மதிப்பெண் வாங்கியது இந்த வேலையால். உங்கள் கைக்கு வருவது வேலை முடிந்தபின் மிஞ்சிய தாள்.

இதயம் பற்றிய பாடத்தில் அவள் இப்படி எழுதியிருப்பாள்: "இ.வெ. சுவர் தடிமன் – உடல் முழுக்க." அவளுக்கு அது போதும். வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தை அனுப்புகிறது. இடது வெண்ட்ரிக்கிளோ உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரை அனுப்ப வேண்டும். அதற்கு அழுத்தம் கூடுதலாக வேண்டும், ஆகவே தசைச்சுவர் தடிமன். இவ்வளவும் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் அவளுக்கு விரியும். ஜெராக்ஸ் வாங்கியவனுக்கு அது தந்திபோல நிற்கும். "காரணம் கூறுக" என்று வினாத்தாள் கேட்கும்போது அவன் எழுதுவதும் தந்திதான்.

ஒரே ஒரு வகையில் அடுத்தவர் நோட்ஸ் உதவும். நாம் ஒரு பாடத்துக்கு நோட்ஸ் எழுதி முடித்தபிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விட்டுப்போனது தெரியும். அதற்கு முதலில் நாம் எழுதியிருக்க வேண்டும்.

நம்பிக்கை: திரும்பத் திரும்பப் படித்தால்தான் மனதில் நிற்கும்.

என் தங்கை மகள் பத்தாவது படித்த வருடம் நடந்தது. மின்னோட்டவியலை நான்கு தடவை படித்துவிட்டதாகச் சொன்னாள். "சரி, நோட்டை மூடு. ஓம் விதி என்ன?" என்றேன். கடகடவென்று சொன்னாள். "தொடர் இணைப்புல ஒரு பல்ப் ஃபியூஸ் போனா மத்ததெல்லாம் ஏன் அணையுது?" என்றதும் முகட்டைப் பார்த்தாள். "மாமா, அந்தப் பக்கம் கண்ணுல நிக்குது. இடது பக்கம், கீழே, படத்துக்குப் பக்கத்துல இருக்கு. ஆனா வரல."

படிக்கும் எல்லோருக்கும் இது பழகிய அனுபவம். பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியதை மனம் "தெரியும்" என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. பார்த்தால் அடையாளம் தெரிவது ஒன்று, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறொன்று. பரீட்சை கேட்பது இரண்டாவதை.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஒரு சிறு கட்டுரையை நான்கு தவணை படித்தது. இன்னொரு குழு ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று தவணையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தவணை படித்தவர்களுக்கே வெற்றி: 83 சதவீதம், மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழானது. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது எந்தக் குழு என்று நினைக்கிறீர்கள்? நான்கு தவணை படித்த குழுதான்.

படித்த கையோடு பரீட்சை என்றால் திரும்பப் படிப்பது ஓரளவு கைகொடுக்கும் என்பதும் இதிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கிறது. படித்தவுடன் வைக்கும் வகுப்புத் தேர்வு அதைக் காப்பாற்றிவிடுகிறது, முழு ஆண்டுத் தேர்வு கவிழ்த்துவிடுகிறது.

நம்பிக்கை: கலர் கலராக அடிக்கோடிட்டால் பதியும்.

பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டு டன்லோஸ்கியும் அவருடைய குழுவினரும் 2013இல் ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினார்கள். அடிக்கோடிடுவதும் ஹைலைட்டர் பூசுவதும் அதில் கடைசி வரிசையில் நின்றன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், நாட்களைப் பிரித்துப் பிரித்துப் படிப்பதும் முதல் வரிசை. ஹைலைட்டர் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தால் எது முக்கியம் என்று இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம்.

நம்பிக்கை: ஃபார்முலா எல்லாம் ஒரே தாளில் இருந்தால் கணக்கு வந்துவிடும்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். கணக்கில் பயப்படும் பிள்ளைகள் முதலில் செய்வது ஃபார்முலாத் தாள்தான். அதைச் சுவரில் ஒட்டி, சாமி படம் மாதிரி தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அளவியல் பாடத்துத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உருளையின் கன அளவு ஒரு வரி, கூம்பின் கன அளவு ஒரு வரி, கூம்பின் இடைக்கண்டம் ஒரு வரி. மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வார்கள். பரீட்சை அறையில் மூன்றாவது மட்டும் கழன்றுகொள்ளும்.

உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான். இடைக்கண்டம் என்பது நம் வீட்டு வாளி. வாய் அகலம், அடி குறுகல். அதன் கன அளவு: மூன்றில் ஒரு பங்கு π, பெருக்கல் உயரம், பெருக்கல் அடைப்புக்குறிக்குள் பெரிய ஆரத்தின் வர்க்கம், சிறிய ஆரத்தின் வர்க்கம், இரண்டு ஆரங்களின் பெருக்கற்பலன் மூன்றையும் கூட்டியது. இப்போது வாளியின் அடியைக் குறுக்கிக்கொண்டே போங்கள். அடி ஒரு புள்ளியாகி, சிறிய ஆரம் பூஜ்ஜியமாகும்போது அடைப்புக்குறிக்குள் மிஞ்சுவது பெரிய ஆரத்தின் வர்க்கம் மட்டும். அதுதான் கூம்பின் சூத்திரம். மாறாக, அடியை விரித்து வாய்க்குச் சமமாக்குங்கள். அடைப்புக்குறிக்குள் ஒரே வர்க்கம் மூன்று முறை வரும். அந்த மூன்றும் வெளியே இருக்கும் மூன்றில் ஒரு பங்கும் அடித்துக்கொண்டு போய்விடும். உருளை வந்துவிட்டது. இந்த ஐந்து வரியைத் தன் கையால் ஒரு பிள்ளை எழுதிவிட்டால், மூன்று சூத்திரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். எதையாவது மறந்தாலும் வாளியை நினைத்தால் போதும்.

கணக்கு நோட்ஸில் இன்னொரு கோளாறு உண்டு. கூம்புக் கணக்கு பத்து, அடுத்து கோளக் கணக்கு பத்து என்று அடுக்கியிருப்பார்கள். தலைப்பே எந்தச் சூத்திரம் என்று காட்டிக்கொடுத்துவிடும். வினாத்தாளில் தலைப்பு கிடையாது. ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் செய்த ஒரு சோதனையில், நான்கு வகைக் கன உருவங்களின் கணக்குகளைச் சிலர் வகைவகையாகவும் சிலர் கலந்துகட்டியும் போட்டார்கள். பயிற்சியின்போது வகைவகையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் அணி 20 சதவீதத்துக்கு விழுந்தது. கலந்து போட்டவர்கள் 63. வீட்டில் எல்லாக் கணக்கும் போடுகிறான், பரீட்சையில் கோட்டைவிடுகிறான் என்று புலம்பும் பெற்றோர் இந்த எண்களை இன்னொரு முறை படிக்கலாம்.

நம்பிக்கை: சமூக அறிவியலுக்கு பாயின்ட் பாயின்டாக இருந்தால் போதும்.

முதல் உலகப்போருக்கான காரணங்கள்: ஒன்று, அணிசேர்க்கை, இரண்டு, தேசிய வெறி, மூன்று, பால்கன் சிக்கல். மளிகைச் சீட்டு போல இருக்கிறதா? ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்பதைச் சீட்டு சொல்வதில்லை. ஆகவே நான்காவது பாயின்ட் எப்போதும் மறந்துபோகும்.

இதையே அம்புக்குறி போட்டு எழுதிப் பாருங்கள். 1914 ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொலை. ஜூலை 28, செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவிப்பு. செர்பியாவுக்குப் பின்னால் ரஷ்யா, ஆஸ்திரியாவுக்குப் பின்னால் ஜெர்மனி, ரஷ்யாவோடு பிரான்ஸ். ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் நுழைய, பிரிட்டன் இறங்குகிறது. பிரிட்டன் இறங்கினால் அதன் காலனி இந்தியாவும் உள்ளே. செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போடுகிறது. கெட்டிக்காரனையும் கண்டிப்பான ஆளையும் "சரியான எம்டன்" என்று நம் பாட்டிகள் சொன்னது அந்த இரவின் மிச்சம். சரயேவோவில் தொடங்கிய சங்கிலி சென்னைக் கடற்கரையில் முடிகிறது என்று பார்த்துவிட்ட பிள்ளைக்கு, அணிசேர்க்கை என்ற சொல்லை யாரும் உருப்போட வைக்க வேண்டியதில்லை. காலக்கோடு வரையச் சொன்னாலும் கை நடுங்காது.

நம்பிக்கை: கையால் எழுதினால்தான் ஏறும், கம்ப்யூட்டரில் ஏறாது.

பாதி உண்மை. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த நம்பிக்கைக்கு உலகப் புகழ் தேடித்தந்தது. மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கேட்டதை அப்படியே தட்டச்சு செய்தார்கள், கருத்துக் கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது. பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. சொன்னதை வரி பிசகாமல் எழுதுபவர், பேனாவில் எழுதினாலும் ஸ்டெனோகிராஃபர்தான். நம் பிள்ளைகளுக்குக் கையால் எழுதுவதில் வேறொரு லாபம்: பரீட்சை கையால்தான், வேகமும் கையெழுத்தும் பழகும்.

நம்பிக்கை: புக் பேக் கேள்வியும் கைடும் போதும், பாடப்புத்தகம் எதற்கு?

தேர்ச்சிக்கு 35 போதும் என்றால் ஒருவேளை. கணக்கில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் ஐந்து மதிப்பெண் பகுதியிலும் ஆளுக்கொரு கட்டாய வினா உட்கார்ந்திருக்கிறது. கைடில் இல்லாத கணக்காக அது வந்துவிட்டால், தாண்டிப்போக வழி கிடையாது.

நம்பிக்கை: அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் நேரம் வீண்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியார் பாயிரத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார். ஆசிரியர் சொன்னதை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டாலும் வருவது கால் பங்கு அறிவு. கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் வரும். இது தேர்வு வைத்து எடுத்த சதவீதம் அல்ல, ஓர் ஆசிரியரின் அனுபவம். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது: சொல்லிக்கொடுக்கிறவன் நோட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்க வேண்டும், எங்கே தட்டுகிறது என்று எதிரில் இருப்பவன் முகத்திலேயே பார்த்துவிடுவான்.

ஜெராக்ஸ் கடை வரிசையில் நிற்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பணத்துக்கு வெள்ளைத்தாள் வாங்கிக் கொடுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளையின் நோட்டையும் புத்தகத்தையும் உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அன்றைக்குப் படித்ததை அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எழுதி முடித்தபின் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டுப்போனதைப் பிள்ளையே தேடிப்பிடித்துக்கொள்ளும்.