மலேரியா நோயறிதலும் தடுப்பூசிச் சோதனையும்

1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். ஆயினும், இந்நோய்க்கெனத் தடுப்பூசி ஒன்றை உலக சுகாதார நிறுவனம் பரவலாகப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது 2021-ஆம் ஆண்டிலேயாகும். இத்தாமதத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள், நோயைப் பிழையின்றிக் கண்டறிவதிலுள்ள இடர்ப்பாடும் ஒன்று.

இரத்தப் பரிசோதனை: விரல் நுனியிலிருந்து எடுத்த இரத்தம், கண்ணாடிச் சில்லின்மீது தடித்த பூச்சாகவும் மெல்லிய பூச்சாகவும் இடப்படுகிறது. ஒட்டுண்ணி உண்டா என்பதைத் தடித்த பூச்சும், அது வைவாக்ஸா, பால்சிபாரமா என்பதை மெல்லிய பூச்சும் காட்டுகின்றன. சாயம் பழுதாயினும், பார்ப்பவர் விரைந்தாராயினும் முடிவு பிழைபடும். விரைவுச் சோதனைப் பட்டைகள் பால்சிபாரம் வெளிவிடும் ஒரு புரதத்தைக் காட்டுவன. நோய் குணமான பின்னரும் இப்புரதம் சில வாரங்கள் இரத்தத்தில் தங்குவதுண்டு. அதனை உண்டாக்கும் மரபணு இல்லாத ஒட்டுண்ணிகளும் உள. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இவை இருப்பது 2010-இல் வெளியிடப்பட்டது.

காய்ச்சலும் காரணமும்: நோய் மிகுந்த இடங்களில், நலமாயுள்ளோர் இரத்தத்திலும் ஒட்டுண்ணி காணப்படும். அத்தகைய குழந்தைக்கு நிமோனியாவால் காய்ச்சல் கண்டால், பூச்சு மலேரியா என்றே காட்டும். உண்மை நோய்க்குச் சிகிச்சை தவறின் உயிரே போகலாம்.

சோதனைக் கணக்கு: ஓர் உதாரணம் கொள்வோம். எண்ணிக்கையில் சமமான இரு குழுவினருள், ஊசி பெறாதோரிடையே 100 பேருக்கும் பெற்றோரிடையே 50 பேருக்கும் மலேரியா கண்டது. பயன் 50 சதவீதம். இருபுறமும் வேறு காய்ச்சலுற்ற 100 பேர் ஒட்டுண்ணி இருந்தமையால் தவறாகச் சேர்க்கப்பட்டால், எண்கள் 200, 150 ஆகும். பயன் 25 சதவீதமெனத் தோன்றும். ஊசி மாறவில்லை, கணக்கே பிழைத்தது.

இதனைத் தவிர்க்கவே, 2009 முதல் 2014 வரை ஆப்பிரிக்காவின் 7 நாடுகளில் 15,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆர்.டி.எஸ்.,எஸ். தடுப்பூசிச் சோதனையில், காய்ச்சலுடன் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 5,000-க்கு மேல் ஒட்டுண்ணி இருந்தாலே மலேரியா எனக் கொள்ளப்பட்டது. ஐந்து முதல் பதினேழு மாதக் குழந்தைகளுள் நான்கு ஊசி பெற்றோரிடம், ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் பயன் 36 சதவீதமாயிருந்தது.

வைவாக்ஸின் சிக்கல்: இவ்வூசி பால்சிபாரத்திற்கு எதிரானது. இந்தியாவில் வைவாக்ஸும் பரவலாக உண்டு. அது கல்லீரலில் பல மாதங்கள் உறங்கி மீண்டும் எழவல்லது. எனவே சோதனையின் இடையில் தோன்றும் காய்ச்சல் புதிய கடியால் வந்ததா, பழைய தொற்று மீண்டதா எனப் பிரித்தறிதல் கடினம்.

ஆதலின், களப் பணியாளர் தயாரிக்கும் ஒவ்வொரு பூச்சும், அதன்மீது எழுதும் எண்ணும் நாளும் நோயாளியின் உயிரோடும் ஆராய்ச்சியின் உண்மையோடும் தொடர்புடையன. ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை மாணவரைக் கொண்டு வெவ்வேறு எண்களால் செய்வித்தல் நன்று.