தோட்டத்தில் எழுந்த மாளிகை



பேரா மாநிலத்தில், பத்து காஜா நகருக்கு அருகில், ராயா ஆற்றங்கரையில் கெல்லி கோட்டை நிற்கிறது. கோட்டை எனப் பெயர் பெற்றிருப்பினும், அது போருக்காகக் கட்டப்பட்டதன்று. ரப்பர்த் தோட்டத் துரை ஒருவர் தம் குடும்பத்திற்காக எழுப்பிய இல்லமேயாகும்.

ஸ்காட்லாந்தில் 1870ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், தமது இருபதாம் வயதில் மலாயாவுக்கு வந்தார். காடு திருத்தும் பணியில் பொருளீட்டி, ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டார். முதலில் ஒரு வீடு கட்டினார். பின்னர் 1915இல் அதனருகே இம்மாளிகையைத் தொடங்கினார். இதற்கென எழுபது கைவினைஞர்கள் சென்னையிலிருந்து வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்தே கப்பலேறி வந்தன.

ஆறு அடுக்குக் கோபுரம், அதனுள் மின்தூக்கிக்கென விடப்பட்ட இடம், வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை உள்ளே விடும் வளைவுத் தாழ்வாரங்கள் ஆகியவை இதன் சிறப்புகள். வளைவுகளைக் கூர்ந்து நோக்குங்கள். அங்கே செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்று, மேலுள்ள சுமையை இருபுறத்துச் சுவர்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றன.

பணி நடந்துகொண்டிருந்தபோது, 1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் இங்கும் வந்தது. தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் துரையிடம் மாரியம்மனுக்கு ஓர் ஆலயம் வேண்டினர். அவரும் இசைந்தார். சற்றுத் தொலைவில் ஆலயம் எழுந்தது. அதன் மேற்கூரையில், தெய்வச் சிலைகளோடு, வெள்ளுடையும் தொப்பியும் அணிந்த துரையின் உருவத்தையும் நன்றியுடன் அமைத்தனர்.

1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார். அவர்தம் மனைவி தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றது. பல சுவர்கள் பூச்சின்றி இருப்பதால், கொத்தனாரின் கைத்திறனை நாம் இன்றும் நேரில் காண முடிகிறது.

மாளிகை துரையின் பெயரால் வழங்குகிறது. அதற்குக் கல் அடுக்கியவர்கள் நம் முன்னோரைப் போலவே கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுட் சிலர் மீண்டும் ஊர் காணவில்லை. ஆகவே, பெற்றோருடன் அங்குச் செல்லும்போது கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ஆலயத்திற்கும் சென்று, அவ்வுழைப்பாளரை நினைந்து வணங்கி வாருங்கள்.