மின்சிகரெட்டில் கருகல் சுவை: காரணங்களும் செய்ய வேண்டியவையும்

பல ஆண்டுகள் சிகரெட் பிடித்த ஒருவர் அதைக் கைவிடும் நோக்குடன் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்சிகரெட் ஒன்றுக்கு மாறுகிறார். சில கிழமைகள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. ஒரு நாள் காலையில் இழுக்கும்போது கருகிய துணியின் சுவை தொண்டையில் உறைக்கிறது. சுவை கெட்டுவிட்டது என எண்ணி அவர் மின்னழுத்தத்தைக் கூட்டுகிறார். கருகல் மேலும் அதிகரிக்கிறது. இறுதியில் சலிப்படைந்து, கடையில் மீண்டும் ஒரு பெட்டி சிகரெட்டை வாங்குகிறார்.

இந்த இரண்டு முடிவுகளுமே உடல்நலத்துக்குக் கேடானவை. கருகல் ஏன் உண்டாகிறது, அதைக் கண்டவுடன் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பவற்றை மில்லிக்கன் பகுதிக் குடியிருப்பாளர்களுக்கு இப்பாடம் விளக்குகிறது.

யாருக்கானது இப்பாடம்?

ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவர் அதை முற்றாக விட்டு மின்சிகரெட்டுக்கு மாறினால் தீங்கு குறையும் என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் நிலைப்பாடு. புகைப்பழக்கம் இல்லாதவர்களும் இளையோரும் மின்சிகரெட்டைத் தொடவே கூடாது என்பதையும் அத்திணைக்களம் வலியுறுத்துகிறது. தீங்கு குறைந்தது என்பதற்குத் தீங்கற்றது என்று பொருள் இல்லை. கருவி கருகும்போது அந்தக் குறைந்த தீங்கும் கூடிவிடுகிறது. பயன்படுத்துபவர்கள் மட்டுமன்றி, அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களும் இதனை அறிந்திருப்பது நல்லது.

விளக்கும் திரியும்

மின்சிகரெட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள வீட்டிலுள்ள குத்துவிளக்கை நினைத்தால் போதும். விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை திரி எண்ணெயை உறிஞ்சிச் சுடருக்குக் கொடுக்கும். திரி மெல்லவே தேயும். எண்ணெய் வற்றியதும் திரியே கருகத் தொடங்கும், புகையும் நாற்றமும் எழும்.

மின்சிகரெட்டிலும் திரி உண்டு. பெரும்பாலும் அது பஞ்சினால் ஆனது. தொட்டியிலுள்ள திரவத்தை அது உறிஞ்சி, தன்னைச் சுற்றியோ தன்னோடு ஒட்டியோ உள்ள உலோகச் சுருளுக்குக் கொடுக்கிறது. மின்கலத்திலிருந்து மின்சாரம் பாயும்போது சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. சுருளின் வெப்பத்தைத் தணிப்பதும் அத்திரவமே. திரி திரவத்தைக் கொண்டுவரும் வேகத்தைவிடச் சுருள் அதை ஆவியாக்கும் வேகம் கூடினால் திரி உலர்கிறது. உலர்ந்த திரி கருகுகிறது. கருகல் சுவை பற்றிய எல்லாக் காரணங்களும் இந்த ஒரு விதிக்குள் அடங்கும்.

மின்னழுத்தமும் வெப்பமும்

சுருளில் உண்டாகும் வெப்பத்தின் அளவு வாட் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையைச் சுருளின் மின்தடையால் வகுத்தால் வாட் அளவு கிடைக்கும். மின்தடை ஓம் என்னும் அலகில் சுருளின் மேலேயோ அதன் பெட்டியிலோ குறிக்கப்பட்டிருக்கும்.

1.8 ஓம் சுருள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 3.3 வோல்டில் அது ஏறத்தாழ 6 வாட் வெப்பத்தைத் தரும். 5 வோல்டில் ஏறத்தாழ 14 வாட் தரும். மின்னழுத்தம் ஒன்றரை மடங்கு கூடியபோது வெப்பம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சிறிது கூட்டினால் சிறிதளவே மாறும் என்ற எண்ணம் இங்கு பொருந்தாது.

சுருளை மாற்றும்போதும் இதே கவனம் தேவை. 4 வோல்டில் 2 ஓம் சுருள் 8 வாட் தரும். அதே 4 வோல்டில் 1 ஓம் சுருள் 16 வாட் தரும். குறைந்த தடையுள்ள புதிய சுருளைப் பூட்டிவிட்டுப் பழைய மின்னழுத்தத்திலேயே இழுப்பவருக்கு முதல் இழுப்பிலேயே கருகல் கிடைப்பது இதனால்தான்.

கருகலில் உண்டாகும் நச்சுகள்

மின்சிகரெட் திரவத்தின் பெரும்பகுதி புரொபிலீன் கிளைக்கோல், கிளிசரின் ஆகிய இரண்டுமாகும். இவை அளவுக்கு மீறிச் சூடாகும்போது சிதைந்து போர்மால்டிகைட், அக்ரோலீன் போன்ற பொருள்களாக மாறுகின்றன. தாச்சியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்கச் செய்வது அக்ரோலீன்தான். போர்மால்டிகைட் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வகைப்படுத்தியது.

2015ஆம் ஆண்டு இதனையொட்டி ஒரு விவாதம் எழுந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் அரச பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாறுமின்னழுத்தக் கருவி ஒன்றைச் சோதித்தனர். போர்மால்டிகைட்டை வெளியிடக்கூடிய சேர்மங்கள் 3.3 வோல்டில் தென்படவில்லை. 5 வோல்டில் தென்பட்டன. அதே ஆண்டில் கிரேக்க இதயநோய் ஆய்வாளர் கொன்ஸ்டான்டினோஸ் பர்சாலினோசும் அவரது குழுவினரும் அனுபவமுள்ள பயனர்களைக் கொண்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். திரி உலர்ந்து, பயனர்கள் கருகலை உணர்ந்த நிலையில்தான் இந்நச்சுகள் பல மடங்கு கூடின என்றும், அச்சுவை தாங்க முடியாததாக இருப்பதால் எவரும் அந்நிலையில் தொடர்ந்து இழுப்பதில்லை என்றும் அவர்கள் வாதிட்டனர்.

இரு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கினால் பயனருக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. கருகல் சுவை உடல் தரும் எச்சரிக்கை. அதைச் சகித்துக்கொண்டு இழுக்கக் கூடாது. அதேவேளை கருகல் இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. இனிப்பும் வாசனையும் மிகுந்த திரவங்கள் தொடக்கநிலைக் கருகலை மறைக்கக்கூடும். நீண்டகாலம் புகைத்தவர்களின் நாவும் மூக்கும் மந்தமாக இருப்பதும் உண்டு.

காரணத்தைக் கண்டறியும் ஒழுங்கு

கருகல் சுவை தெரிந்தவுடன் பின்வரும் ஒழுங்கில் சோதிக்க வேண்டும்.

1. உடனே நிறுத்த வேண்டும். உறுதிப்படுத்துவதற்காக மேலும் ஒருமுறை இழுத்துப் பார்க்கக் கூடாது.

2. தொட்டியிலுள்ள திரவத்தின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சுருளின் பக்கவாட்டுத் துளைகள் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும்.

3. சுருளில் குறிக்கப்பட்டுள்ள தடையையும் வாட் வரம்பையும் படித்து, மின்னழுத்தத்தை அவ்வரம்பின் கீழ்முனைக்குக் கொண்டுவர வேண்டும்.

4. சுருள் புதியதாயின், பூட்டும் முன் திரியில் சில துளித் திரவம் இட்டிருக்க வேண்டும். தொட்டியை நிரப்பிய பின் பத்து நிமிடங்களாவது காத்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் இழுத்திருந்தால் திரி ஏற்கெனவே கருகியிருக்கக்கூடும்.

5. இடைவிடாது இழுக்கும் வழக்கம் உள்ளதா எனக் கவனிக்க வேண்டும். திரி மீண்டும் ஊறுவதற்கு இழுப்புகளுக்கிடையே நேரம் தேவை.

6. திரவத்தின் தன்மையைப் பார்க்க வேண்டும். கிளிசரின் மிகுந்த திரவம் தடிப்பானது. சிறு துளைகளையுடைய சுருளில் அது மெதுவாகவே ஊறும்.

7. இவை அனைத்தும் சரியாக இருந்தும் கருகல் நீடித்தால் சுருளை மாற்ற வேண்டும். கருகிய பஞ்சைக் கழுவினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. இனிப்பூட்டிய திரவங்கள் சுருளில் கரிய படிவை விரைவாகச் சேர்ப்பதால், அவற்றைப் பயன்படுத்துவோருக்குச் சுருள் விரைவில் பழுதாகும்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவிகளில் சுருளை மாற்ற முடியாது. அவற்றில் கருகல் தோன்றினால், பெரும்பாலும் திரவம் முடிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அத்துடன் அக்கருவியைக் கைவிட வேண்டும்.

தொட்டியைத் திறக்கும்போது திரவம் தோலில் பட்டால் உடனே கழுவ வேண்டும். நிக்கொட்டின் தோல்வழியாகவும் உடலுக்குள் செல்லும். திரவப் போத்தல்களைச் சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். சிறுவர் எவரேனும் விழுங்கியிருந்தால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் 1-844-764-7669 என்ற நச்சு உதவி இலக்கத்தை அழைக்க வேண்டும். மயக்கமோ, வலிப்போ, மூச்சுத்திணறலோ இருந்தால் 911ஐ அழைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியவை

தை, மாசி மாதங்களில் இரவு முழுவதும் காருக்குள் விடப்பட்ட கருவி காலையில் கருகுவதற்குத் தனிக் காரணம் உண்டு. குளிரில் கிளிசரின் மேலும் தடித்து, திரியில் ஊறாமல் நிற்கிறது. கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அறை வெப்பநிலையில் தானாகவே இளக விட வேண்டும். வெப்பக்காற்றுத் துவாரத்தின் மேலோ அடுப்பின் அருகிலோ வைத்துச் சூடாக்கக் கூடாது. லித்தியம் மின்கலத்தை உறைநிலைக் குளிரில் மின்னேற்றினால் அது உள்ளே பழுதடையும். பின்னர் தீப்பற்றும் அபாயமும் கூடும். ஆகவே கருவி குளிர் நீங்கிய பின்னரே மின்னேற்ற வேண்டும்.

திருத்திய கருவியைச் சோதிக்கும் இடம்

சுருளை மாற்றியவர் அதைச் சோதித்துப் பார்க்க நினைப்பது இயல்பு. ஆனால் எல்லா இடங்களிலும் அதற்கு அனுமதி இல்லை. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோவின் புகையற்ற சூழல் சட்டம் சிகரெட்டைப் போலவே மின்சிகரெட்டையும் கட்டுப்படுத்துகிறது. அடுக்குமாடிக் கட்டடங்களின் நடைபாதை, மின்தூக்கி, நிலக்கீழ்த் தரிப்பிடம் ஆகிய பொது இடங்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது. பாடசாலை வளாகங்கள், சிறுவர் விளையாட்டிடங்கள், மில்லிக்கன் பார்க் சமூக நிலையம் போன்ற சமூகப் பொழுதுபோக்கு நிலையங்களின் வளாகங்கள் ஆகியவற்றிலும், அவற்றின் எல்லையிலிருந்து 20 மீற்றர் தூரத்துக்குள்ளும் தடை உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவர் இருக்கும் வாகனத்துக்குள்ளும் பயன்படுத்தக் கூடாது.

ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் குறைந்தவருக்கு மின்சிகரெட்டையோ அதன் உதிரிப்பாகங்களையோ விற்பதும் கொடுப்பதும் குற்றம். திரவத்தில் நிக்கொட்டினின் அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற கூட்டாட்சி விதி 2021ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் நடைமுறையில் உள்ளது.

பழைய கருவிகளை அகற்றுதல்

மின்கலம் உள்ள கருவிகளைக் குப்பைத் தொட்டியிலோ நீலநிற மீள்சுழற்சித் தொட்டியிலோ போடக் கூடாது. கழிவு வண்டியில் நசுங்கும் லித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடும். இவற்றை வீட்டு அபாயக் கழிவாகக் கருதி, மாநகரசபையின் கழிவு கையளிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அருகிலுள்ள நிலையத்தையும் அதன் திறப்பு நேரத்தையும் 311ஐ அழைத்து அறியலாம். தமிழில் பேச விரும்புவோர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

முற்றாகக் கைவிட விரும்புவோருக்கு

கருகல் சுவை மீண்டும் மீண்டும் தோன்றுவது, சிலவேளைகளில் கருவியின் குறையைவிடப் பழக்கத்தின் தீவிரத்தையே காட்டும். திரி ஊறும்வரை காத்திருக்க முடியாமை, மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போதல் ஆகியவை நிக்கொட்டின் தேவை கூடியிருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். அவ்வாறு உணர்பவர்கள் குடும்ப மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ தயங்காது பேசலாம். நிக்கொட்டின் ஒட்டுப்பட்டை, மெல்லும் பசை முதலியவற்றில் திரியும் இல்லை, சுருளும் இல்லை, கருகலும் இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் 811 சுகாதாரத் தொலைபேசிச் சேவை நாள் முழுவதும் இலவசமாக இயங்குகிறது. அழைத்தவுடன் "தமிழ்" என்று கூறினால் மொழிபெயர்ப்பு உதவி கிடைக்கும்.