கானுறை வாழ்வும் காட்சி விளையாட்டும்

ஊர் நீங்கிய ஒருவன், உணவும் உறையுளும் இன்றிக் கானகத்தே எங்ஙனம் உயிர் வாழ்வான் என்னும் வினா மக்கள் உள்ளத்தை நெடுங்காலமாகக் கவர்ந்து வருகின்றது. 1719-ஆம் ஆண்டில் டீபோ என்பார் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ராபின்சன் குரூசோ' என்னும் புனைகதை இவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே. ராபின்சன் என்னும் அப்பெயரையே தாங்கி, 1997-இல் சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு போட்டி தோன்றிற்று. சிலரைத் தனித்தீவு ஒன்றில் விடுத்து, அவர்கள் வாழுமாற்றைப் படம்பிடித்து, ஒவ்வொருவராக வாக்களித்து விலக்கச் செய்து, எஞ்சிய ஒருவர்க்குப் பெரும்பரிசு அளிப்பதே அதன் அமைப்பாகும். 2000-இல் அமெரிக்காவிற் புகுந்த அது, 'சர்வைவர்' என்னும் பெயரால் உலகெங்கும் புகழ் பெற்றது.

ரியாலிட்டி ஷோ என வழங்கும் இவ்வகைக் காட்சி 2021-இல் தமிழிலும் வந்தது. நடிகர் அர்ஜுன் முன்னின்று நடத்த, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்த சான்சிபாரில் எடுக்கப்பெற்ற 'சர்வைவர்' போட்டியை, ஜீ தமிழ்த் தொலைக்காட்சி அவ்வாண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஒளிபரப்பிற்று. போட்டியாளர் 'காடர்கள்' எனவும் 'வேடர்கள்' எனவும் இரு குழுவினராகப் பிரிக்கப்பட்டனர். நடிகை விஜயலட்சுமி வெற்றி எய்தி ஒரு கோடி ரூபாய் பரிசு பெற்றார். இத்தகைய போட்டிக்கு வேண்டும் திறங்கள் யாவை, அவை உண்மைக் கானக வாழ்விற்கு வேண்டுவனவற்றோடு எத்துணை ஒக்கும் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் வேண்டுவது உடலறிவு. காற்றின்றி மூன்று நிமிடம், கடுங்குளிரிலோ கொடுவெயிலிலோ காப்பின்றி மூன்று மணி நேரம், நீரின்றி மூன்று நாள், உணவின்றி மூன்று வாரம் என்பது கானகப் பயிற்சியாளர் கூறும் ஒரு தோராயக் கணக்கு. இக்கணக்கை ஓர்வார்க்கு, உணவு இறுதியில் நிற்பது விளங்கும். பயிற்சியில்லாதவனோ பசியை அஞ்சி முதலில் உணவு தேடி அலைவான். அலைந்து வியர்த்து, உடலில் உள்ள நீரையும் இழப்பான். முன்னர் நிழலும் நீரும், பின்னர்த் தீயும், அதன் பின்னரே உணவும் என்பது அறிந்தோர் கொண்ட முறை. தெளிந்து தோன்றும் நீரும் நோய்க்கிருமி உடையதாகலாம். ஆகலின் அதனைக் கொதிக்க வைத்தே பருகுதல் வேண்டும். சமவெளியில் ஒரு நிமிடம் நன்கு கொதித்தல் போதும். கடல் மட்டத்திற்கு 2000 மீட்டருக்கு மேற்பட்ட கொடைக்கானல் போன்ற இடங்களிலோ, நீர் குறைந்த வெம்மையிலேயே கொதித்துவிடும் ஆதலின், மூன்று நிமிடம் கொதித்தல் வேண்டும். தீயுண்டாக்குதலும் எளிதன்று. கோலைக் கோலாற் கடைந்து தீப்பெறும் கருவியை நம் முன்னோர் ஞெலிகோல் என்றனர். உலர்ந்த கட்டை எது, பொறியைத் தாங்கும் பஞ்சு எது என்று அறியாதார், கை கொப்புளிக்கக் கடைந்தும் புகையையே காண்பர்.

இரண்டாவது வேண்டுவது இடவறிவு. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை வகுக்குங்கால், மரத்தோடும் விலங்கோடும் உணவையும் சேர்த்து வைத்தார். நிலம் மாறின் உணவு மாறும். உணவு மாறின் அதனைத் தேடும் வழியும் மாறும் என்பது இதனாற் பெறப்படும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தரை நன்னனிடம் வழிப்படுத்தும் பாட்டாயினும், மலைவழி செல்வார்க்கு ஒரு கையேடாகவும் விளங்குகின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள ஆதலின் இருளில் நடவாது விடிந்தபின் செல்க என்றும், கானவர் கவண்கல் எறியுமிடத்து மரத்தில் மறைந்து செல்க என்றும், வழுக்குமிடத்துக் கோரைத் தண்டைப் பற்றிக் கடக்க என்றும் அப்புலவர் உரைக்கும் அறிவுரைகள், அவ்வழியை நடந்தறிந்தார் கூற்றாகவே தோன்றுகின்றன. பாரியின் பறம்புமலையை மூவேந்தர் முற்றிய ஞான்று, உழாமலே அம்மலை தரும் மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் நான்கினைக் கபிலர் எண்ணிக் காட்டினார். பறம்பு என்பது நம் மாவட்டத்தின் கிழக்கெல்லைக்கு அப்பாலுள்ள பிரான்மலையே என அறிஞர் கொள்வர்.

அந்நான்கனுள் கிழங்கும் தேனும் தேடும் அறிவு ஏட்டோடு நின்றதன்று. திண்டுக்கல் சமவெளியில் நின்று நோக்குவார்க்குச் சிறுமலையும் பழனிமலைத் தொடரும் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே தோன்றும். அம்மலைகளில் வாழும் பளியர், காட்டு வள்ளிக்கிழங்கு அகழ்தலிலும், புகையிட்டு மலைத்தேன் எடுத்தலிலும் வழிவழி வல்லவர். காட்டுக் கிழங்குகளுள் சில அவித்த அளவில் உண்ணத்தக்கன. சில கசப்பும் நஞ்சும் நீங்கப் பலகால் ஊறவைத்து அவித்தற்குரியன. இவ்வேறுபாட்டை ஒரு பருவத்துக் காட்சிக்கெனச் சென்றவர் கற்றுக்கொள்ளல் இயலாது. அது பாட்டி பேர்த்திக்குக் காட்டிக் காட்டி வளர்ந்த அறிவாகும்.

இடவறிவின் பெருமையை உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்புக் காடுகளில் அயல்நாட்டு மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள உயிர்களை அழித்து வந்தன. 2017-இல் அவற்றைத் தேடிப்பிடிக்கத் தமிழ்நாட்டு இருளர் இருவர் அழைக்கப்பெற்றனர். தடமும் சட்டையும் கண்டே பாம்பின் இருப்பிடம் உணரும் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் அவ்விருவர்க்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இடவறிவின்றி மலையேறுவதன் துன்பத்தையும் நாம் அண்மையிற் கண்டோம். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், நம் அண்டை மாவட்டமாகிய தேனியின் குரங்கணி மலையிற் பரவிய தீயில் மலையேற்றம் சென்றோர் அகப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் உலர்ந்த புல்லிடைத் தீப்பற்றின், அது சரிவின் மேல்நோக்கி ஆளினும் விரைந்து ஓடும். அவர்கள் வீரமில்லாதவரல்லர். ஆயின் எம்மாதத்தில் எச்சரிவு ஏறத்தகாதது என்பதை வீரம் சொல்லாது. இடமறிந்தார் ஒருவரே சொல்ல வல்லவர். காட்சியில் வரும் போட்டியாளர்க்குப் படப்பெட்டியின் பின்னே மருத்துவர் காத்து நிற்பர். அதனைக் கண்டு தாமும் தனியே காடேக விழையும் மாணவர்க்கு அத்துணை இல்லை.

மூன்றாவது வேண்டுவது மக்களறிவு. 'சர்வைவர்' போட்டியில் ஒருவரை விலக்குவது பசியோ புலியோ அன்று, உடனுறைந்தாரின் வாக்கேயாம். ஆகலின் நட்புக் கோடலும், நட்பைத் தக்க காலத்தில் விடுதலும், தன் வலிமையை மறைத்தலும் அங்கே திறமைகளாக எண்ணப்படுகின்றன. 2015-இல் அமெரிக்காவிற் தொடங்கிய 'அலோன்' என்னும் போட்டியிலோ வாக்கு இல்லை. ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த பத்துப் பொருள்களுடன் தனித்தனியே விடப்படுவர். நெடிது தங்கியவரே வெல்வர். அப்போட்டியில் வேட்டையும் தீயும் நன்கறிந்தாரும், மனைவி மக்களை நினைந்து தாங்காது மீண்டமை பன்முறை நிகழ்ந்தது. தனிமை பசியினும் கொடிது என்பது இதனாற் புலனாம்.

இனி, மெய்யாகவே காட்டில் வாழ்ந்தவர் எங்ஙனம் வாழ்ந்தனர் என நோக்குவோம். 1960-களில் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலார் பீட்டர் கார்ட்னர், அவர்கள் போட்டியை விலக்குபவர், ஒருவரையொருவர் சமமாக மதிப்பவர், பிணக்கு நேரின் மோதாது விலகிச் சென்று சினம் ஆற்றுபவர் என்று எழுதினார். காட்சியில் ஒருவரை விலக்கினால் மற்றவர் எஞ்சுவர். காட்டிலோ ஒருவரை இழந்தால், அவர் அறிந்த சுனையையும் கிழங்கையும் அனைவரும் இழப்பர். காடர் என்பார் ஆனைமலைப் பகுதியில் இன்றும் வாழும் பழங்குடியினர். வேடர் என்பார் இலங்கையின் தொல்குடியினர். அக்காட்சி அவர்தம் பெயர்களைக் கடனாகக் கொண்டது. அவர்தம் வாழ்வின் இந்நெறியையோ கொள்ளவில்லை.

இதனால் அத்தகைய காட்சிகள் வீண் என்று கூறியதாகாது. நீரின் அருமையையும், ஒரு பொறித் தீயின் மதிப்பையும் அவை நம்மனோர்க்கு உணர்த்துகின்றன. ஆயின் அவ்வறிவின் ஆசிரியர் தொலைக்காட்சியில் இல்லை. நம் மலைகளில் உள்ளார். இன்று அவருட் பலர் தோட்டக் கூலிகளாக வாழ்கின்றனர். காட்டுச் சிறுபொருள்களைச் சேர்க்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் அவர்க்கு அளித்திருப்பினும், கிழங்கின் பெயரும் தழையின் குணமும் அறிந்த முதியோர் ஒருவர் மறையுந்தோறும், எந்த அகராதியிலும் ஏறாத சொற்கள் சில உடன் மறைகின்றன. தமிழ் பயிலும் நாம் விடுமுறையில் மலையேறுங்கால், படம் எடுப்பதோடு அமையாது, அவர் இசைவோடு அச்சொற்களைக் கேட்டு எழுதிவருதல் நம் கடனாகும். வள்ளிக்கிழங்கு என்னும் சொல்லை நாம் ஏட்டிற் கற்றோம். அதன் கொடியைக் காட்டிக் கற்பிக்க வல்லார் இன்னும் சிறுமலையில் இருக்கின்றனர்.