பழைய வானொலிப் பெட்டியின் வயது என்ன?

மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்வார்கள். வெட்டிய மரத்தின் வயதை வளையங்களை எண்ணிச் சொல்லலாம். பரணில் தூசி படிந்து கிடக்கும் வால்வு வானொலிப் பெட்டியின் வயதை எதைப் பார்த்துச் சொல்வது?

மலேயாவில் வேலை பார்த்துத் திரும்பிய தாத்தா கொண்டு வந்த பிலிப்ஸ் பெட்டி ஒன்று உங்கள் வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "1955-இல் என் கல்யாணத்துக்கு வாங்கினேன்" என்கிறார் அவர். பெட்டியின் பின்பலகையில் "பி 5 எக்ஸ் 72 ஏ" என்று அச்சாகியிருக்கிறது. தாத்தா சொல்லும் ஆண்டு சரிதானா? பெட்டியையே கேட்டுப் பார்ப்போம்.

மாதிரி எண் என்னும் முதல் சாட்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனம் தன் பெட்டிகளுக்கு இட்ட மாதிரி எண் வெறும் பெயரன்று; அது ஒரு சங்கேதம். முதலில் நிற்கும் "பி" மேசைமேல் வைக்கும் வானொலி என்பதைக் குறிக்கும். "5" விலைத் தரம். இந்த எண் உயர உயரப் பெட்டியும் உயர்ந்த ரகமாகும். "எக்ஸ்" ஹாலந்துத் தயாரிப்பின் குறி. ஜெர்மன் பெட்டிக்கு "டி" என்றும், பிரெஞ்சுப் பெட்டிக்கு "எஃப்" என்றும் இருக்கும். அடுத்துள்ள "7"தான் நாம் தேடுவது. அது ஆண்டின் கடைசி இலக்கம். "2" அந்த ஆண்டின் மாதிரிகளுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது. கடைசி எழுத்து "ஏ" என்றால் பெட்டி மாறுதிசை மின்சாரத்தில் மட்டும் இயங்கும். "யு" என்றால் நேர்திசை, மாறுதிசை இரண்டிலும் இயங்கும். "பி" என்றால் பாட்டரியில் இயங்கும்.

சரி, 7 என்பது எந்த 7? 1947-ஆ, 1957-ஆ, 1967-ஆ? இங்கே எழுத்துகளின் வரிசை கைகொடுக்கிறது. 1950-களின் நடுப்பகுதி வரை இரண்டு எழுத்துகளும் சேர்ந்தே முன்னால் நின்றன. "பி.எக்ஸ். 594 ஏ" என்பது அத்தகையது, அதில் 5 விலைத் தரம், 9 என்பது 1949. பிறகுதான் விலைத் தர எண் இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே இடம் மாறியது. ஆகவே நம் பெட்டி 1947-ஐச் சேர்ந்ததாக இருக்க முடியாது. 1960-களின் பின்பாதியில் இந்த முறையே கைவிடப்பட்டு, "22 ஆர்" என்பது போலத் தொடங்கும் எண்கள் வந்தன. ஆகவே 1967-உம் பொருந்தாது. எஞ்சுவது 1957.

வால்வுகள் என்னும் இரண்டாம் சாட்சி

ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லலாமா? வால்வுகளையும் விசாரிப்போம். ஐரோப்பிய வால்வின் பெயரும் சங்கேதமே. "இ.சி.எச். 81" என்பதில் "இ" என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். "சி"யும் "எச்"சும் ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் இரண்டு வால்வுகளைக் குறிக்கும். எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தின் அமைப்பைக் காட்டும். 1940-களின் இறுதியில் வந்த "இ.சி.எச். 42"-இல் 4 என்பது எட்டு ஊசிகள் கொண்ட ரிம்லாக் அடி. 81-இல் 8 என்பது 1950-களில் பரவிய ஒன்பது ஊசி அடி. வேலை ஒன்றுதான், அடி மட்டும் காலத்தோடு மாறியது.

1950-களின் நடுவிலிருந்து பிலிப்ஸ் குழுமத்து வால்வுகளின் கண்ணாடியில் அடிப்புறமாகச் சிறு குறியீடு இருக்கும். முக்கோணக் குறி ஹாலந்தின் ஹீர்லென் தொழிற்சாலை. "பி" இங்கிலாந்தின் பிளாக்பர்ன். அடுத்தது ஆண்டின் கடைசி இலக்கம், பிறகு மாதத்தின் எழுத்து, பிறகு வாரம். ஜனவரிக்கு "ஏ", டிசம்பருக்கு "எல்". ஆகவே "7 ஜி 2" என்றால் ஜூலை மாதம் இரண்டாம் வாரம்.

நம் பெட்டியின் மூன்று வால்வுகளில் முக்கோணமும் 7-உம், ஒன்றில் மட்டும் "பி"யும் 3-உம் இருப்பதாகக் கொள்வோம். அவசரக்காரர் அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "1963" என்பார். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். வால்வு பழுதானால் மாற்றக்கூடிய பொருள் அல்லவா? அது 1963-க்குப் பின் நடந்த ஒரு பழுதுபார்ப்பின் சாட்சி. பெட்டி பிறந்த நாளின் சாட்சி அன்று.

வரிசை எண் சொல்வதும் சொல்லாததும்

பின்பலகையிலோ அடித்தட்டிலோ நீளமான வரிசை எண் ஒன்றும் இருக்கும். பலரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அது வரிசையைச் சொல்லுமே தவிர ஆண்டைச் சொல்லாது. ஒரே தொழிற்சாலையில் செய்த ஒரே மாதிரிப் பெட்டிகள் இரண்டு கிடைத்தால், சிறிய எண் உள்ளது பெரும்பாலும் முந்தியது எனலாம். எந்த எண் எந்த ஆண்டு என்று சொல்லத் தொழிற்சாலையின் பதிவேடு வேண்டும். பள்ளியில் உங்கள் வரிசை எண் 27 என்றால், அதிலிருந்து உங்கள் பிறந்த ஆண்டைச் சொல்ல முடியுமா?

தீர்ப்பு

மாதிரி எண் 1957 என்கிறது. மூன்று வால்வுகள் ஆமோதிக்கின்றன. 1957-இல் செய்த பெட்டியை 1958-இலோ 1960-இலோ வாங்கியிருக்கலாம்; 1955-இல் வாங்கியிருக்க முடியாது. ஒரு பொருள், தன்னோடு பிறந்த பாகங்களில் மிகப் புதியதைவிடப் பழையதாக இருக்க முடியாது. தொல்பொருள் ஆய்வாளர்கள் மண் அடுக்குகளில் கிடைக்கும் காசுகளை வைத்துக் காலம் கணிப்பதும் இதே விதியால்தான்.

அதற்காகத் தாத்தாவிடம் போய் "நீங்கள் சொன்னது தவறு" என்று சொல்லிவிடாதீர்கள். "தாத்தா, இதற்கு முன் வேறு ரேடியோ இருந்ததா? இது அத்தை பிறந்த சமயத்தில் வாங்கியதோ?" என்று கேளுங்கள். பெட்டி சொல்லாத கதை அவரிடம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வரலாறு.

ஓர் எச்சரிக்கை

பின்பலகையின் வெளியே உள்ள எண்ணைப் படிக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. வால்வுகளைப் பார்க்க வேண்டுமானால், வானொலி பழுது பார்க்கத் தெரிந்த பெரியவர் உடனிருக்க வேண்டும். மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். "யு" என்று முடியும் பெட்டிகளில் உலோக அடித்தட்டே மின்கம்பியோடு நேராக இணைந்திருப்பது வழக்கம்; இணைப்பில் இருக்கும்போது அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆண்டைத் தேடும்போது அந்தக் கடைசி எழுத்தையும் படிக்கத் தவறாதீர்கள்.

இந்தியாவில் செய்த பெட்டிகளின் மாதிரி எண்களை இந்த விதியால் அப்படியே படிக்க வேண்டாம். ஐரோப்பிய வால்வு இருந்தால் வால்வு விதி அங்கும் செல்லும்.

நீங்களே விடை காணுங்கள்

1. "பி.எக்ஸ். 653 ஏ" எந்த ஆண்டு மாதிரி?
2. ஒரு வால்வில் "பி 8 கே 3" என்று இருக்கிறது. எந்த ஊர், எந்த மாதம், எந்த வாரம்? ஆண்டை மட்டும் ஏன் இதை வைத்தே உறுதியாகச் சொல்ல முடியாது?

(விடை: 1. 1955. 2. பிளாக்பர்ன், நவம்பர், மூன்றாம் வாரம். 8 என்பது 1958-ஆகவும் இருக்கலாம், 1968-ஆகவும் இருக்கலாம். முடிவு செய்ய இன்னொரு சாட்சி வேண்டும்.)