மொய்ப் பட்டியலை வைத்து நிரல்மொழிகளை ஒப்பிடும் வழி

நிரல் எழுதக் கற்கப் புகும் எவரும் முதலில் கேட்பது, எந்த மொழியில் தொடங்குவது என்பதுதான். வேகம், வேலைவாய்ப்பு, சம்பளம் என்று வரிசை போடும் பட்டியல்கள் இதற்கு நிறையக் கிடைக்கின்றன. ஒரு வரிகூட எழுதிப் பாராதவருக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. கையிலுள்ள ஒரு சிறு வேலையை இரண்டு மூன்று மொழிகளில் செய்து பார்த்தால், ஒவ்வொன்றின் குணமும் தானாகத் தெரிந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வேலை ஒரு கல்யாண வீட்டு மொய்ப் பட்டியல். பெயரும் தொகையும் வந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கும். நாளை திருப்பிச் செய்யும்போது தேடிப் பிடிக்கப் பெயர்கள் அகரவரிசையில் வேண்டும். தொகையைக் கூட்டவும் வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் புதியவர் கற்க வேண்டிய பொறிகள் பலவும் ஒளிந்திருக்கின்றன. கட்டளைகளின் பெயர்கள் கீழே தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும்.

சோதனைக் கோப்பு

முழு நோட்டையும் தட்டச்சு செய்வதற்கு முன், பதினோரு பெயர்கள் கொண்ட சிறு கோப்பு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு பெயர், ஒரு காற்புள்ளி, தொகை. கணபதி, மனோகரி, மலர், கண்ணன், ஜெயந்தி, மறைமலை, மணி, நெடுஞ்செழியன், மழலை, கணேசன், மயில் ஆகிய பெயர்கள் போதும். தொகைகளில் 101, 501, 1001 மூன்றும் இருக்கட்டும். இந்தப் பெயர்களும் எண்களும் மொழிகள் இடறும் இடங்களைப் பார்த்துப் பொறுக்கியவை.

அடுத்து, சரியான விடையைக் கையாலேயே எழுதிவைக்க வேண்டும்: கண்ணன், கணபதி, கணேசன், நெடுஞ்செழியன், மணி, மயில், மலர், மழலை, மறைமலை, மனோகரி, ஜெயந்தி. இந்த விடைத்தாள் இல்லாமல் நிரலை ஓட்டினால், திரையில் வந்ததே சரி என்று நம்பிவிட நேரும்.

பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருந்தால் அதைத் தனி நெடுவரிசைக்கு மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எந்த மொழியும் ‘ச. மணி’யைச் சகர வரிசையில்தான் வைக்கும். எக்செல்லிலிருந்து சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு மீட்க வழியில்லை. பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு.

நிரல் எழுதாமலே முடிந்தால்

ஒரே ஒருமுறை வரிசைப்படுத்தினால் போதும் என்றால் நிரலே தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கோப்பைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியில் ‘சார்ட்’ என்பதைச் சொடுக்கி, ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. கூட்டலையும் அங்கேயே போடலாம். இந்தக் குறுக்குவழி போதாமல் போகும்போதுதான் நிரல் எழுதுவதற்குப் பொருள் உண்டு: மாதாமாதம் செய்ய வேண்டிய வேலை, பல கோப்புகளை ஒன்றாக்கும் வேலை, அல்லது கற்றுக்கொள்ளும் ஆசை.

முதலில் ஜாவாஸ்கிரிப்ட்

எதையும் நிறுவத் தேவையில்லாத மொழி இது. கணினியில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் திறந்து, ஒரு வெற்றுத் தாவலில் எஃப்12 விசையை அழுத்தி, ‘கன்சோல்’ பகுதிக்குப் போனால் அங்கேயே எழுதி ஓட்டலாம். வேறிடத்திலிருந்து நகலெடுத்த நிரலை முதன்முறை ஒட்டும்போது பிரவுசர் தடுத்து, ‘அலோ பேஸ்டிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொல்லும். அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ திறந்திருக்கும் பக்கத்தின் கன்சோலில், முன்பின் தெரியாதவர் அனுப்பிய நிரலை ஒட்டுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

பதினோரு பெயர்களையும் ஒரு பட்டியலாக எழுதி ‘சார்ட்’ கட்டளையை வெறுமனே கொடுத்தால் வரும் வரிசை இது: கணபதி, கணேசன், கண்ணன், ஜெயந்தி, நெடுஞ்செழியன், மணி, மனோகரி, மயில், மறைமலை, மலர், மழலை. விடைத்தாளோடு ஒப்பிட்டால் பாதிக்கு மேல் இடம் மாறியிருப்பது தெரியும்.

தவறு ஜாவாஸ்கிரிப்டுடையது அன்று. கணினி எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்ணை வைத்தே வரிசைப்படுத்துகிறது. அந்த எண்களின் அடுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறிமுறையிலிருந்து வந்தது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே சட்டம் போட்ட குறிமுறை அது. தேவநாகரியின் வரிசையே அதன் அச்சு. அந்தச் சட்டத்தில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ழகரம் ளகரத்துக்கு அடுத்தும் உட்கார்ந்தன. ஜகரம் சகரத்தின் பக்கத்தில் வந்துவிட்டது. புள்ளிக்கோ உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் இடம் கிடைத்தது. அதனால்தான் மெய்யெழுத்தால் முதலில் வர வேண்டிய ‘கண்ணன்’ ககரப் பெயர்களில் கடைசிக்குத் தள்ளப்படுகிறார். யூனிகோட் எண்கள் ஒருமுறை ஒதுக்கப்பட்டால் மாறுவதில்லை. எனவே வெறும் எண் வரிசையை நம்பும் எந்த மொழியும் இதே தவறைச் செய்யும்.

மொழிகள் வேறுபடுவது இந்தத் தவறைத் திருத்தக் கொடுக்கும் வசதியில்தான். ஜாவாஸ்கிரிப்டில் அது உள்ளேயே இருக்கிறது. ‘சார்ட்’ கட்டளைக்குள் ‘லோக்கேல்கம்பேர்’ என்னும் ஒப்பீட்டைப் பயன்படுத்தி, தமிழுக்கான டி, ஏ என்ற ஈரெழுத்து மொழிக்குறியைத் தந்தால் போதும். ஒரே வரியில் தமிழ் அகரவரிசை வந்துவிடும். ஜெயந்தியும் கடைசிக்குப் போய்விடுவார். ஜகரத்தைச் சகரத்தோடு வைப்பதுதான் தேடுவதற்கு வசதி என்று கருதும் குடும்பம் அதற்கெனத் தனி விதி எழுதிக்கொள்ள வேண்டும். அதை முடிவு செய்வது பட்டியலுக்கு உரியவரின் உரிமை.

அடுத்து தொகைகளை அதே ‘சார்ட்’ கட்டளையால் வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். 1001, 101, 501 என்று வரும். எண்களைக்கூட எழுத்துகளாகப் பாவித்து, இடமிருந்து வலமாக ஒப்பிடுவது இந்த மொழியின் இயல்பு. கூட்டலிலும் அதே கதை. கோப்பிலிருந்து வந்த 501 எழுத்து வடிவில் இருந்து, அதோடு எண்ணாகிய 101ஐக் கூட்டினால் 602 வராது. 501101 என்று ஒட்டிக்கொண்டு வரும். எந்த எச்சரிக்கையும் வராது. கல்யாண வீட்டுக்கு ஐந்து லட்சம் மொய் வந்ததாக மகிழ்வதற்கு முன், தொகைகளை ‘நம்பர்’ கட்டளையால் எண்ணாக மாற்றிவிட வேண்டும்.

பிறகு பைத்தான்

விண்டோஸ் கணினியில் பைத்தானின் வழக்கமான நிறுவியை ஓட்டும்போது, முதல் திரையின் அடியில் பைத்தானைப் ‘பாத்’தில் சேர்க்கக் கேட்கும் சிறு கட்டம் இருக்கும். அதைக் குறியிடாமல் விட்டால், பிறகு கட்டளைத் திரையில் பைத்தான் என்று எழுதினாலும் கணினிக்குத் தெரியாமல் போகலாம். ஆண்ட்ராய்டு கைபேசி மட்டும் வைத்திருப்பவர் பைட்ராய்டு 3 செயலியில் எழுதலாம். நிறுவ விரும்பாதவர் பிரவுசரிலேயே கூகுள் கோலாபைப் பயன்படுத்தலாம்.

கோப்பைத் திறக்கும் வரியில் குறிமுறை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது நல்ல பழக்கம். விண்டோஸில் அதை விட்டுவிட்டால் தமிழ் சிதைந்து வரலாம் அல்லது நிரல் பிழை காட்டி நின்றுவிடலாம். எக்செல் தரும் யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். முதல் பெயர் மட்டும் காரணமில்லாமல் வேறிடத்துக்குப் போனால் அதைச் சந்தேகிக்க வேண்டும். குறிமுறையை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் அந்தக் குறி நீங்கிவிடும்.

தொகைகளைப் பொறுத்தவரை பைத்தான் கறாரானது. எழுத்தான 501ஐயும் எண்ணான 101ஐயும் கூட்டச் சொன்னால் மறுத்து, எந்த வரியில் என்ன வகைப் பிழை என்று சொல்லி நின்றுவிடும். புதியவருக்கு இது எரிச்சலாக இருக்கும். தவறான கூட்டுத்தொகையைச் சந்தோஷமாகத் தரும் மொழியைவிட, நின்றுவிடும் மொழி கற்பவருக்கு நல்லது.

பெயர் வரிசையில் பைத்தான் பின்தங்குகிறது. வெறும் ‘சார்ட்டெட்’ கட்டளை முன்பு கண்ட அதே தவறான வரிசையைத் தரும். தமிழ் அகரவரிசையை ஒரே சொல்லில் கேட்கும் வசதி பைத்தானோடு வருவதில்லை. ஓப்பன்-தமிழ் போன்ற நூலகத்தை நிறுவிக்கொள்ளலாம்; ஆனால் கற்பவர் ஒருமுறையாவது தாமே எழுதிப் பார்க்க வேண்டிய பகுதி இது. மெய்களை க, ங, ச என்று தொடங்கி ழ, ள, ற, ன வரையும், அவற்றின் பின் ஜகரத்தையும் முறைப்படி எழுதி ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் தர வேண்டும். பிறகு குறிகளுக்கு எண்: புள்ளிக்கு 0, குறி ஏதும் இல்லாத அகரத்துக்கு 1, கால் குறிக்கு 2, இப்படியே ஔகாரக் குறிக்கு 12 வரை. பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து ஒவ்வோர் எழுத்தையும் இந்த இரண்டு எண்களின் இணையாக மாற்றினால் ‘கண்ணன்’ என்பது ஓர் எண் இணைப் பட்டியலாகிவிடும். அந்தப் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது முந்தியது என்று சொல்லப் பைத்தானுக்கே தெரியும். அதற்கென்று எதுவும் எழுத வேண்டியதில்லை. உயிரெழுத்துக்கும் ஆய்தத்துக்கும் மெய்களுக்கு முந்திய எண்களைத் தந்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த இருபது வரிகளை எழுதி முடித்தவருக்குத் தமிழ் உயிர்மெய் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது பிறகு மறக்காது.

சி மொழியில் ஒரு பார்வை

டென்னிஸ் ரிட்ச்சி பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கியது 1972 வாக்கில். யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல்தான் வந்தது. எனவே சி மொழிக்கு எழுத்து என்றால் பைட். தமிழ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. இதை நேரில் காண ‘நெடுஞ்செழியன்’ என்ற பெயரின் நீளத்தை ஒவ்வொரு மொழியிலும் கேட்க வேண்டும். சி மொழியின் ‘ஸ்டர்லென்’ 39 என்று சொல்லும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 13 என்று சொல்லும். புள்ளியையும் கொம்பையும் சுழியையும் தனித்தனிக் குறிகளாக அவை எண்ணுகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி 7 என்று சொல்லும். தமிழ்ப் பள்ளிப் பிள்ளை சொல்லும் விடையும் அதுதான். இன்றைய பிரவுசர்களில் ‘செக்மென்ட்டர்’ என்ற கருவியைப் பயன்படுத்தினால் ஜாவாஸ்கிரிப்டிலும் 7 கிடைக்கும்.

இந்த எண்ணிக்கை வெறும் வேடிக்கை அன்று. சி மொழியில் ஒரு பெயருக்கு எவ்வளவு இடம் என்று முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். ஏழெழுத்துப் பெயருக்கு 20 பைட் தாராளம் என்று நினைத்து ஒதுக்கினால், உள்ளீட்டுக் கட்டளையைப் பொறுத்துப் பெயர் நடுவில் அறுந்துபோகும். அல்லது பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். நெடுஞ்செழியனுக்கு, முடிவுக்குறியையும் சேர்த்து, 40 பைட் வேண்டும். தொகையை எண்ணாக மாற்றாமல் கூட்டினால் சி மொழி மறுக்காது, ஒட்டவும் செய்யாது. அந்த எழுத்து இருக்கும் நினைவக முகவரியை 101 இடம் தள்ளிவிடும். அகரவரிசைக்கான முழு ஏற்பாட்டையும் எழுதுபவரே செய்ய வேண்டும். முதல் மொழியாக இதைத் தொடங்குபவர் மொய்ப் பட்டியலை முடிப்பதற்குள் சோர்ந்துவிட வாய்ப்பு அதிகம். ஆனாலும் வேறு மொழிகளின் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைச் சி மொழியைப் போல் காட்டும் மொழிகள் குறைவு.

சி, பைத்தான் இரண்டிலும் விண்டோஸின் கறுப்புத் திரையில் தமிழ் உடைந்து தெரியலாம். நிரல் தவறு என்று பதறாமல், விடையை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி நோட்பேடில் திறந்து பார்க்க வேண்டும்.

முழு நோட்டுக்குப் போகும்போது

சோதனைக் கோப்பு மூன்று மொழிகளிலும் சரியாக வந்த பிறகு முழுப் பட்டியலை ஏற்றலாம். அப்போது இன்னொரு சிக்கல் தலைகாட்டும். ‘கோமதி’ என்ற பெயரைத் தேடினால் சில கோமதிகள் அகப்படமாட்டார்கள். ‘கோ’ என்பதை ஓகாரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம். இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் இரண்டிலும் ‘நார்மலைஸ்’ என்ற கட்டளைக்கு ‘என்எஃப்சி’ என்ற வடிவத்தைத் தந்து, படித்தவுடனேயே எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பெயரின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தையும் கையோடு நீக்கிவிடலாம். சி மொழியின் பொது நூலகத்தில் இதற்கு ஏற்பாடில்லை.

ஒப்பிடும்போது வேகத்தை அளக்க வேண்டாம். சில நூறு பெயர்களுக்கு எல்லா மொழியும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். நிறுவ எவ்வளவு பாடு, பிழை நேர்ந்தால் சொல்கிறதா மறைக்கிறதா, தமிழுக்கு என்ன வசதி, ஆறு மாதம் கழித்துத் தன் நிரலைத் தானே படித்தால் புரியுமா என்பவையே கவனிக்க வேண்டியவை. மொய்ப் பட்டியலைப் பொறுத்தவரை, ஒருமுறை வேலைக்கு லிப்ரே ஆபீஸே போதும்; அகரவரிசை உடனே வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட்; தொகைக் கணக்கில் தவறு நேரக்கூடாது, நிரலையும் தொடர்ந்து கற்க வேண்டும் என்பவர் பைத்தானில் தொடங்குவதே நல்லது.